பதினேழு எழுதி ஐந்து முடிவது உங்கள் குறையா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தினமும் காலையில் அன்றைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் எழுதுகிறீர்கள். பதினைந்து, இருபது வரி வருகிறது. இரவு எடுத்துப் பார்த்தால் நான்கோ ஐந்தோதான் டிக் ஆகியிருக்கிறது. மிச்சத்தை மறுநாளுக்குத் தள்ளுகிறீர்கள். மூன்று ஆப் மாற்றியும் பார்த்தாயிற்று. பட்டியல் போடுவது உண்மையிலேயே உதவுமா, எந்த ஆப் நல்லது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "எனக்குத்தான் ஒழுக்கம் போதவில்லையோ" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. நீங்கள் கொடுத்திருக்கும் நேற்றைய பட்டியலின் பதினேழு வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதை ஒரே நாளில் யாராலும் முடிக்க முடியாது.

நான் 22 வருடமாக ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பிளானிங் பார்க்கிறேன். நாளைக்கு எந்த ஃபிட்டர் எந்த மெஷினில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று இன்று மாலையே தாளில் போடுவது என் வேலை. அதாவது, தினப் பட்டியல் எழுதியே சம்பளம் வாங்குகிறவன். மனநலம் படித்தவன் இல்லை. கீழே ஆய்வுகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆர்வத்தில் தேடிப் படித்தது. மற்றதெல்லாம் கைப்பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

பட்டியல் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதற்கு உதவும் என்பதில்தான் குழப்பம் வருகிறது. முதல் உதவி நினைவுக்கு. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் பல சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார். அதற்கு மேல் போனால் ஒன்று வரும்போது இன்னொன்று நழுவும். தாளில் எழுதினால் நழுவாது. இதில் வாதத்துக்கே இடமில்லை.

இரண்டாவது உதவி மனதின் அரிப்பைக் குறைப்பது. இங்கேதான் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் அதிகம் நினைவில் நிற்கும் என்று புளூமா சைகார்னிக் 1927-ல் எழுதினார். பட்டியல் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் தொடங்கும். ஆனால் பின்னால் வந்தவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது எப்போதும் அப்படி வரவில்லை, அதனால் அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்ப எனக்குத் துணிவில்லை. எனக்கு நம்பிக்கையாகப் படுவது 2011-ல் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் செய்த சோதனைகள். முடிக்காத காரியம் ஒன்றை ஞாபகப்படுத்திவிட்டு வேறு எதையாவது படிக்கச் சொன்னால் அந்தக் காரியம் நடுநடுவே வந்து இடறுகிறது. அதை எப்போது, எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டவர்களுக்கு அந்த இடறல் குறைந்துவிட்டது. காரியம் இன்னும் முடியவில்லை, ஆனாலும் குறைந்தது. அப்படியானால் மனதை விடுவிப்பது வெறுமனே எழுதி வைப்பது இல்லை, தெளிவாக எழுதி வைப்பது. உங்கள் பட்டியலில் "இன்சூரன்ஸ்" என்று ஒற்றைச் சொல்லாக ஒரு வரி இருக்கிறது. அது திட்டம் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் மறுபடி முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தாளில் ஒருமுறை "இரண்டாம் நம்பர் பம்ப் பார்க்கவும்" என்று ஒரு வேலை 11 நாள் நகராமல் கிடந்தது. மூன்று ஷிஃப்டிலும் நல்ல ஆட்கள்தான். ஒவ்வொருவரும் அதைப் படித்தார்கள், அடுத்த வரிக்குப் போனார்கள். ஏனென்றால் எதைப் பார்ப்பது, எதை எடுத்துக்கொண்டு போவது, எங்கே முடிந்தது என்று சொல்வது எதுவும் அந்த வரியில் இல்லை. பன்னிரண்டாம் நாள் நானே அதை அடித்துவிட்டு, "இரண்டாம் நம்பர் பம்பின் கப்ளிங் ரப்பரை அளந்து, அந்த அளவு ஸ்டோரில் இருக்கிறதா என்று கேட்கவும்" என்று எழுதினேன். காலை டீக்கு முன்னால் முடிந்துவிட்டது. ஆள் அதே ஆள், பம்பும் அதே பம்ப். அன்றிலிருந்து நாட்கணக்கில் நகராத வரியைப் பார்த்தால் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் எழுதிய வாக்கியத்தைச் சந்தேகிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "இன்சூரன்ஸ்" என்பதை "பழைய பாலிசித் தாளை எடுத்து, முடியும் தேதியைக் குறிக்க" என்று மாற்றிப் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் பதினேழு வரிக்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். உங்களிடம் இருப்பது ஒரு பட்டியல் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு பட்டியல்கள். எங்கள் பிரிவில் அவை தனித்தனியாக இருக்கும். ஒன்று பேக்லாக். செய்ய வேண்டும் என்று தெரிந்த எல்லா வேலையும் அதில் ஏறும், எப்போதும் 200, 300 இருக்கும். அது நீளமாக இருப்பதைப் பார்த்து யாரும் வருத்தப்படுவதில்லை. அது ஒரு கிடங்கு, அவ்வளவுதான். மற்றொன்று நாளைய தாள். அதில் நாளைக்குள் அடங்குவது மட்டும்தான் ஏறும். நீங்கள் கிடங்கில் இருப்பதை முழுவதும் தினமும் காலையில் வாசலில் கொட்டிவிட்டு, மாலையில் அது காலியாகவில்லையே என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் தப்பைத்தான் செய்தேன். நான்கு ஃபிட்டர்கள், ஆளுக்கு எட்டு மணி நேரம், மொத்தம் 32 மணி நேரம் என்று கணக்குப் போட்டு, 32 மணி நேர வேலையைத் தாளில் நிரப்புவேன். மாலையில் பாதி வேலை அப்படியே திரும்பி வரும். ஃபிட்டர்களிடம் கோபப்பட்டேன். ஒரு நாள் மூத்த ஃபோர்மேன் என்னை உட்கார வைத்து, என் தாளை வாங்கி, ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னச் சின்ன எண்களை எழுதினார். பெர்மிட்டில், அதாவது வேலை தொடங்கும் அனுமதிச் சீட்டில், கையெழுத்துக்கு 20 நிமிடம். ஸ்டோரில் காத்திருக்க 15. மெஷினை நிறுத்திச் சூடு ஆற 30. முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்ய 10. எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வேலைக்கு நேரம் போட்டிருக்கீங்க. வேலைக்குப் போற நேரத்தைப் போடலையே." கூட்டிப் பார்த்தால் நான் கேட்டிருந்தது 32 மணி நேரம் இல்லை, 45 மணி நேரத்துக்கும் மேல். அதற்குப் பிறகு 32-ல் 22 மணி நேரத்துக்குத்தான் வேலை போடுகிறேன். மிச்சம் திடீரென்று வரும் பிரேக்டவுனுக்கு. இந்த 22 எங்கள் இடத்துக்குப் பொருந்தும் எண். உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கும் உங்களுக்கும் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் ரோஜர் பியூலரும் உடன் இருந்தவர்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக ஏறக்குறைய 34 நாள் என்றார்கள். ஆனது ஏறக்குறைய 55 நாள். இதில் என்னைத் தொட்டது அடுத்த விவரம். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த பதிலின் சராசரிகூட ஏறக்குறைய 49 நாள்தான். நடந்தது அதையும் தாண்டிவிட்டது. அதனால் "கொஞ்சம் கூடவே வைத்துப் போட்டிருக்கிறேன்" என்று மனம் சொன்னாலும் நம்பாதீர்கள். முன்பு இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்பதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் நேற்றைய பட்டியலுக்கு நான் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் தாராளமாக வைக்கவில்லை, கஞ்சத்தனமாகவே நேரம் வைத்தேன். காலாண்டு அறிக்கைக்கு மூன்று மணி, ஆன்லைன் கோர்ஸில் இரண்டு பாடத்துக்கு ஒன்றரை மணி, அலமாரியை ஒழுங்குபடுத்த ஒரு மணி என்று பதினேழுக்கும் போட்டால் 13 மணி நேரம் வருகிறது. நீங்களே சொன்னபடி, மீட்டிங் போக அலுவலகத்தில் உங்கள் கையில் இருப்பது நான்கு மணி நேரம், வீட்டில் இரண்டு. மொத்தம் ஆறு. சரி, நேற்று முடித்த ஐந்து எவை? விலைப்பட்டியலைத் திருத்தியது ஒன்றரை மணி. புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தது ஒரு மணி. அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போய் வந்தது இரண்டு மணி. மின்கட்டணம் பத்து நிமிடம். அக்காவுடன் போனில் பேசியது நாற்பது நிமிடம். கூட்டினால் ஐந்து மணி இருபது நிமிடம். ஆறு மணி நேரத்தில் ஐந்து மணி இருபது நிமிட வேலை செய்திருக்கிறீர்கள். எங்கள் ஷிஃப்டில் இப்படி ஒரு நாள் வந்தால் நல்ல நாள் என்று சொல்லுவோம். பதினேழில் ஐந்து என்று எண்ணிக்கையைப் பார்த்ததால் உங்களுக்குத் தோல்வியாகத் தெரிந்தது.

அதனால் எத்தனை வரி எழுதலாம் என்ற கேள்விக்கு என்னிடம் ஓர் எண் இல்லை. ஆறு என்று ஓர் எண் நிறையச் சுற்றுகிறது. 1918-ல் ஐவி லீ என்பவர் எஃகு நிறுவனத் தலைவர் சார்லஸ் ஷ்வாபிடம் போய், தினமும் ஆறு வேலையை வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார், அதற்கு 25,000 டாலர் வாங்கினார் என்று ஒரு கதை. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். யோசனை நல்லதுதான், ஆறில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு நாளில் மூன்று மணி நேர வேலை ஒன்றும் இரண்டு பத்து நிமிட வேலையும் இருந்தால் மூன்றே வரிதான். சில்லறை வேலை பார்க்கும் நாளில் ஒன்பது வரி வரலாம். மணியை எண்ணுங்கள், வரியை எண்ணாதீர்கள்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. பெரியதையும் சின்னதையும் கலந்து எழுதினால் கை தானாகச் சின்னதுக்குத்தான் போகும், அதுவும் இன்றே கெடு முடிகிற சின்னதுக்கு. 2018-ல் ஜூ, யாங், ஷீ மூவரும் செய்த சோதனைகளில், பலன் குறைவு என்று தெரிந்தும் கெடு நெருங்கிய வேலையையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் அறிக்கை எட்டு நாளாகத் தள்ளிப் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், உறுதியாகச் சொல்லவில்லை. பெரிய வேலை ஒன்றை மட்டும் தாளின் உச்சியில் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதில் அரை மணி நேரமாவது கைவைத்த பிறகுதான் கோட்டுக்குக் கீழே போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் இடமும் சேர்த்து எழுதுவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. "மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் அறிக்கை ஃபைலைத் திறப்பேன்" என்பது போல, இது நடக்கும்போது அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. பீட்டர் கோல்விட்சர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் நடுத்தரத்துக்கும் மேல் என்று வந்தது. இந்தத் துறையில் அது பெரிய விஷயம். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பதினேழு வரிக்கும் நேரம், இடம் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். 2012-ல் டால்டனும் ஸ்பில்லரும் செய்த ஆய்வில், ஒரே ஒரு காரியத்துக்கு இப்படித் திட்டமிட்டவர்களுக்கு உதவியது, பல காரியங்களுக்குத் திட்டமிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. எல்லாவற்றையும் விவரமாக எழுதும்போது இவ்வளவையும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணுக்குத் தெரிந்து மனம் தளர்ந்துவிடுகிறதாம். ஆகவே உச்சியில் உள்ள அந்த ஒன்றுக்கு மட்டும் எழுதுங்கள்.

காலையில் எழுதுவதா, முந்தைய இரவிலா? நான் மாலைக்காரன். நாள் முடியும்போது எது எங்கே நின்றது என்பது கையில் சூடாக இருக்கும், காலையில் அது ஆறிவிடும். தூக்கத்துக்கும் நல்லது என்று ஓர் ஆய்வு உண்டு. 2018-ல் மைக்கேல் ஸ்கல்லினும் குழுவினரும் 57 இளவயதினரை ஆய்வகத்தில் தூங்க வைத்து, படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கிவிட்டார்கள். ஒரே ஓர் இரவு, 57 பேர், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். அதனால் இதைத் தூக்கத்துக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன். எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை என்று மட்டும் சொல்வேன்.

ஆப் பற்றிக் கேட்டீர்கள். எது சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது, அது அவ்வளவு முக்கியம் என்றும் நான் நினைக்கவில்லை. இரண்டு விஷயம் பாருங்கள். நாளைய பட்டியல் முழுவதும் விரலால் தள்ளாமல் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். முடியாததை ஆப் தானாக மறுநாளுக்கு நகர்த்தக் கூடாது. இரண்டாவதை ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். தானாக நகர்ந்தால் ஒரு வேலை ஒரு மாதம்கூட உங்களோடு நடந்துகொண்டிருக்கும், நீங்கள் அதைப் பற்றி ஒரு முடிவும் எடுத்திருக்க மாட்டீர்கள். கையால் திரும்ப எழுதும்போது கை சலிக்கும், அந்தச் சலிப்பு நல்லது. மூன்றாவது தடவை அதே வரியை எழுதப் போகும்போது நான் பேனாவை நிறுத்திவிடுவேன். இது இரண்டு மூன்று வேலையாகப் பிரிய வேண்டியதா, வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டியதா, இன்னொரு தேதிக்குரியதா, இல்லை, செய்யவே வேண்டாமா? நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் நகர்வேன். உங்கள் பட்டியலில் அலமாரி மூன்று வாரமாக இருக்கிறது என்றீர்கள். அதைக் கூச்சமில்லாமல் பேக்லாக் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தால் போதும்.

பட்டியலால் ஆகாதவையும் உண்டு. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை ஒருவர் தலையில் விழுந்திருந்தால் பட்டியல் அதைக் குறைக்காது. ஆனால் 13 மணி நேரத்துக்கும் ஆறு மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தாளில் காட்டும், மேலாளரிடம் பேசும்போது அந்தத் தாள் உதவும். அப்புறம், நாள் முழுவதும் மற்றவர்களின் அழைப்புக்கு ஓட வேண்டிய வேலையில் இருப்பவருக்கு ஒன்றிரண்டு வரிக்கு மேல் பட்டியலே வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்ன வேலையைக்கூடத் தொடங்க முடியாமல் இருப்பது, எதிலும் கவனம் நிற்காமல் போவது, எப்போதும் சோர்வு, இவை மாதக்கணக்கில் இருந்தால் அது பட்டியல் விஷயம் இல்லை. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

இனி உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி. ஒரு நோட்டில் இரண்டு வாரம் மட்டும், ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை இடது பக்கம் எழுதுங்கள். முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்பதை வலது பக்கம் எழுதுங்கள். இடையில் வந்த போன், காத்திருப்பு எல்லாம் சேர்த்துத்தான். இரண்டு வாரத்தில் வலப்பக்கக் கூட்டலை இடப்பக்கக் கூட்டலால் வகுத்தால் ஓர் எண் வரும். எனக்கு முதல் தடவை 1.6 வந்தது. உங்களுக்கு என்ன வருகிறதோ, அதன் பிறகு மனதில் தோன்றும் நேரத்தை அந்த எண்ணால் பெருக்கிவிட்டுத் தாளில் போடுங்கள், கூட்டல் ஆறு மணி நேரத்தைத் தொட்டதும் பேனாவை மூடிவிடுங்கள். நாளைக்கு எண் தெரியாது, அதனால் நாளைய தாளில் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் எழுதுங்கள்: உச்சியில் அறிக்கை, அதுவும் "முடிக்க" என்று இல்லை, "முதல் இரண்டு அட்டவணையை நிரப்ப" என்று. கோடு. கீழே பாலிசித் தாள், ஒரு பாடம். மீதி எல்லாம் பின்பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அந்த எண் என்ன வந்தது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.